பதுளையிலிருந்து நாகபட்டினத்துக்கு: எந்த மாதம் போகலாம், பெட்டியில் எதை வைக்கலாம்?

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்து லயத்தில் கேட்டாலும், கூடலூரிலோ கோத்தகிரியிலோ வால்பாறையிலோ உறவு இருக்கிறது என்பார்கள். பெரியப்பா போனார், அத்தை போனார், அம்மாவோடு பிறந்த ஒருவர் போனார். அவர்கள் போனது கப்பலில். இன்று அதே கடலைக் கடக்க மீண்டும் ஒரு கப்பல் வழி திறந்திருக்கிறது. போக நினைப்பவர்கள் காற்றைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் கப்பலின் கதை

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே, டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் ஒன்று பயணிகளோடு கடலில் மூழ்கியது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கே போனது.

பதுளையில் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் இறங்கி, ‘இராமானுஜம்’ என்ற கப்பலில் ஏறினார்கள். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. தலைமுறைகளின் உழைப்பு சேமலாப நிதிப் பணமாகவும் சில பித்தளைப் பாத்திரங்களாகவும் சுருங்கி ஒரு தகரப் பெட்டிக்குள் போனது.

1984இல் யுத்தம் அந்தக் கப்பலை நிறுத்தியது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த பல்லாயிரம் பேர் இங்கேயே நின்றுபோனார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்ற பிரிவு அப்படியே நிலைத்தது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களுக்கு இறுதி யுத்தத்தில் இன்னொரு பிரிவும் சேர்ந்தது.

மலையில் மழை என்றால் கடலில் அலை

2011 ஜூனில் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்பு சேவை சில மாதங்களில் நின்றது. 2023 ஒக்டோபர் 14இல் ‘செரியபாணி’ என்ற கப்பலோடு நாகபட்டினம்–காங்கேசன்துறை சேவை தொடங்கி, வானிலையால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ வந்தது. வடகீழ்ப் பருவம் தொடங்கியதும் அதுவும் நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது.

இதன் காரணத்தை ஊவாக்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். நமக்குப் பெரும் மழை தருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும் இந்தக் காலத்தில்தான். மலையில் மண்ணைச் சரிக்கும் அதே பருவம்தான் கடலில் துறையை மூடுகிறது. வாடைக் காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நேரே வருகிறது. காங்கேசன்துறையும் நாகபட்டினமும் அந்தப் பக்கம் திறந்து கிடக்கின்றன. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்பிச் சிறிய கப்பலை உலுக்கும்.

ஆகவே பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. மே முதல் செப்டம்பர் வரை சோழகக் காற்று பலமாக வீசும், ஆட்டம் இருக்கும். ஒக்டோபர் பிற்பகுதி முதல் ஜனவரி வரை கப்பலை நம்பித் திருமணத்துக்கோ கருமாதிக்கோ நாள் குறிக்காதீர்கள். எந்த மாதமானாலும் போகும்போதும் வரும்போதும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து காங்கேசன்துறைக்கு நீண்ட பயணம். புறப்படுமுன் கப்பல் ஓடுகிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டே வீட்டைப் பூட்டுங்கள்.

பெட்டிக்குள்

சுமை அளவும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறியிருக்கின்றன. பயணச்சீட்டில் உள்ள அளவுதான் கணக்கு.

கைப்பையில் கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, மருந்து, பணம் இருக்கட்டும். எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் உறையில் போடுங்கள், உப்புக் காற்றும் சாரலும் கடதாசியைக் கெடுக்கும். நாகபட்டினம் துறை வழியாக நுழைய உங்கள் விசா செல்லுபடியாகுமா என்று சீட்டு எடுக்கும்போதே உறுதிசெய்யுங்கள்.

உடுப்பில்தான் பலர் தவறுகிறார்கள். பண்டாரவளையில் குளிர், நாகபட்டினத்தில் வெயில், ஊட்டியிலும் கோத்தகிரியிலும் மறுபடி குளிர். கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம். கப்பலுக்குள் குளிரூட்டி ஓடும், ஒரு சால்வையைக் கையிலேயே வையுங்கள்.

கடல் மயக்கத்துக்கு மாத்திரையைக் கப்பல் ஏற ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு. நீரிழிவு, அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டே எடுக்கவேண்டும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. கப்பலின் நடுப்பகுதியில் இருந்து, தூரத்து அடிவானத்தைப் பாருங்கள்.

செடி, விதை, மண் எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். “நம்ம தோட்டத்துக் கறிவேப்பிலைக் கன்று” என்று அங்கே ஆசைப்படுவார்கள். ஆனால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

அதற்குப் பதிலாகப் படங்களைக் கொண்டுபோங்கள். அவர்கள் பிறந்த லயம், படித்த பள்ளிக்கூடம், தோட்டத்துக் கோயில், தாத்தா பாட்டியைப் புதைத்த இடம். பழைய குடும்ப அட்டை, பிறப்புச் சான்று இருந்தால் பிரதி எடுத்துக் கொடுங்கள். தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் அங்கே சலுகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அது உதவலாம்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பலும் காங்கேசன்துறைக்கு வந்தது. அதில் வந்தவர்கள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நமக்கு இந்தக் கடல் அப்படிப்பட்டதல்ல. நம் பெரியவர்கள் ஒருவழிச் சீட்டோடு கடந்த நீர் இது. இருவழிச் சீட்டு எடுக்க இப்போது நமக்கு முடிகிறது. எழுபதைத் தாண்டிய உறவுகள் அந்தப் பக்கம் காத்திருக்கிறார்கள். அடுத்த வாடை தொடங்குமுன் போய்ப் பார்த்துவிடுங்கள்.