ஒரே பட்டையில் இரண்டு தலைமுறை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில், பொழுது புலருமுன்பே கத்தியும் வாளியுமாகப் புறப்படும் பால்வெட்டுத் தொழிலாளரிடையே, அறுபதை நெருங்கும் பெரியவரும் இருபது வயது இளைஞரும் அடுத்தடுத்த நிரைகளில் நிற்பதுண்டு. அவ்விருவரும் எவ்வாறு பழகுகிறார்கள் என்பது வெறும் மரியாதையைப் பற்றிய விஷயமன்று, மரத்தின் ஆயுளைப் பற்றிய விஷயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியிலேதான் நெருங்கியிருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தையொட்டி, புதுப்பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படை இருக்கிறது. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். சற்றே மிஞ்சி வளர்படையைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாக ஆறிப்போய், பின்வருபவருடைய கத்திக்கு இடங்கொடாது. ஒரு தடவைக்குச் சீவ வேண்டியது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பட்டைதான். அந்த அளவு கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிலும் மணிக்கட்டுக்கே நன்றாகத் தெரியும்.

தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய 1992 இல் நட்ட ஒரு கன்றை எண்ணிப் பாருங்கள். ஆறேழு ஆண்டுகளில் அது வெட்டுக்கு வரும். ஒரு பக்கத்துப் பட்டை தீர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், மறுபக்கம் தீர இன்னும் ஆறு. அதன்பின், 2011 ஐ ஒட்டி, முதற்பக்கத்தில் வளர்ந்திருக்கும் புதுப்பட்டையிலே மீண்டும் கத்தி வைக்க வேண்டும். கன்று நட்ட ஆண்டில் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த பிள்ளை அப்போது பத்தொன்பது வயதுத் தொழிலாளியாகி, பெரியவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய வெட்டின் பலனை, நன்மையோ தீமையோ, தன் கையால் அனுபவிப்பான்.

முந்திய தலைமுறை திட்டு வாங்கியே தொழில் கற்றது. பள்ளிக்கூடம் சென்று வந்த இன்றைய இளைஞனோ, "ஏன் பெரியப்பா, விடியறதுக்குள்ளயே வெட்டணும்?" என்று காரணம் கேட்கிறான், அதனை எதிர்த்துப் பேசுவதாகக் கொள்வது பெருந்தவறு. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்க, பட்டைக்குள் அழுத்தம் தளர்ந்து பால் ஓட்டம் குறைகிறது என்ற காரணத்தை அறிந்தவன், ஏவாமலே விடியலில் எழுவான்.

இளையவனிடம் பெரியவர் பெற வேண்டியதும் உண்டு. இரத்தினபுரி மழைக்குப் பேர்போன சீமை. நனைந்த மரத்தில் வெட்டினால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆகவே அவன் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்லும் மழைச் செய்தியும், சம்பளச் சீட்டில் வாசித்துக் காட்டும் கழிவுக் கணக்கும் அற்பமானவையல்ல. 2019 முதல் இலங்கையின் இறப்பர் மரங்களில் பரவிய புதுவகை இலையுதிர் நோயைப் பொறுத்தவரையில், பெரியவருடைய நாற்பதாண்டு அனுபவத்திலும் முன்மாதிரி கிடையாது. அங்கே இருவரும் ஒருங்கே மாணவர்கள்.

ஆனால் நாளின் கூலி கிலோக் கணக்கில் எண்ணப்படும் இடத்தில், இளையவன் பக்கத்தில் நின்று கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பெரியவருக்கு நஷ்டமாகிறது. கற்பிக்கும் அந்த நேரத்துக்கும் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, போட்டுக் கொடுங்கள் என்று தோட்ட நிர்வாகங்களை வேண்டிக்கொள்கிறேன்.