கணினி வாங்கும் முன் கணக்கை ஒழுங்குபடுத்துங்கள்: பல்கலைக்கழகங்கள் படித்த பாடம்

பல்கலைக்கழகத்தின் கணினி விவகாரத்துக்கும் வியாபாரப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது. பல்கலைக்கழகம் என்பது பல கிளைகள் கொண்ட ஒரு பெரிய ஸ்தாபனம். மாணவரிடம் கட்டணம் அறவிடுகிறது, ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கிறது, இரசாயனப் பொருள் முதல் கடதாசி வரை கொள்வனவு செய்கிறது, விடுதி நடத்துகிறது, ஆராய்ச்சிக்கு வரும் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறது. ஒவ்வொரு பீடமும் ஒவ்வொரு துறையும் தனித்தனி முதலாளி இருக்கும் கடை போன்றவை. இத்தனையையும் கணினியில் ஒன்றாக இணைக்கப் போன இடத்தில் உலகின் பெரிய பல்கலைக்கழகங்களே சறுக்கியிருக்கின்றன. அந்தப் பாடம் கடைக்கும் பொருந்தும்.

ஒரு மாணவர், ஐந்து பெயர்கள்

மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் சேரும்போது அனுமதிப் பிரிவு அவருடைய பெயரைப் பதிகிறது. பின்னர் பீடம், நூலகம், விடுதி, நிதிப் பிரிவு ஆகியவையும் தத்தமது இடத்தில் பதிகின்றன. ஓரிடத்தில் முழுப்பெயர், இன்னோரிடத்தில் முதலெழுத்து, மற்றோரிடத்தில் எழுத்துப் பிழை. மாணவர் வீடு மாறி, புதிய முகவரியைப் பீடத்தில் கொடுத்தால் நூலகத்துக்குத் தெரியாது. படிப்பை விட்டு விலகிய பிறகும் ஏதோ ஒரு பிரிவில் அவர் மாணவராகவே இருப்பார்.

இது நமக்குப் புதிதல்ல. ஒரே வாடிக்கையாளர் ஒரு கடன் கொப்பியில் முஹம்மத், மற்றதில் மொஹமட், மூன்றாவதில் வெறும் 'எம்.' என்று இருப்பார். அவர் மொத்தம் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டால் மூன்று கொப்பியையும் புரட்டவேண்டும். அப்படியும் மூவரும் ஒருவர்தான் என்பது பழைய கணக்கப்பிள்ளைக்கு மட்டுமே தெரியும். அவர் விலகிப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

கட்டமைப்பு என்றால் என்ன?

இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்துத் திட்டமிடுவதற்கு ஆங்கிலத்தில் 'என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர்' என்று பெயர். ஒரு நிறுவனத்தின் முழுத் தகவல் கட்டமைப்பு என்று அதைச் சொல்லலாம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜோன் சக்மன் 1987 இல் இதுபற்றி எழுதிய கட்டுரை பேர்போனது. வீடு கட்டுகிறவருக்கு வரைபடம் தேவைப்படுவது போல நிறுவனத்தின் தகவல்களுக்கும் வரைபடம் தேவை என்பதே அவருடைய கருத்து. 1995 இல் 'ஓபன் குரூப்' என்ற அமைப்பு 'டோகாஃப்' எனும் வழிமுறையை வெளியிட்டது. பிரித்தானியாவில் கார்டிஃப் பல்கலைக்கழகம், இலண்டன் கிங்ஸ் கல்லூரி, லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் 2008, 2009 காலப்பகுதியில் இந்த வழிமுறையைப் பரீட்சித்துப் பார்த்தன.

இதில் நான்கு படிகள் உண்டு. முதலாவது வேலை: யார் என்ன செய்கிறார், யார் அனுமதி கொடுக்கிறார். இரண்டாவது தகவல்: அந்த வேலைக்கு என்னென்ன பதிவுகள் வேண்டும், அவற்றுக்குப் பொறுப்பு யார். மூன்றாவது மென்பொருள். நான்காவது இயந்திரமும் வலையமைப்பும். இந்த வரிசையில்தான் யோசிக்கவேண்டும். நம்மில் பலர் செய்வது நேர் எதிர். முதலில் கணினியை வாங்கி, பிறகு மென்பொருளைப் போட்டு, அதற்குப் பிறகுதான் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கிறோம்.

கேம்பிரிஜில் நடந்தது

இங்கிலாந்தின் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துறைகளும் நிறுவகங்களும் உள்ளன. அதன் 31 கல்லூரிகள் தனித்தனிச் சொத்தும் நிர்வாகமும் கொண்டவை. பல்கலைக்கழகத்தின் பழைய கணக்கு முறையில் காசு கைமாறும்போது பதிவு நடக்கும். துறை ஒன்று பெரிய ஓடர் கொடுத்திருந்தாலும், பணம் செலுத்தும்வரை கணக்கில் மிச்சம் இருப்பது போலவே தெரியும். கொடுக்கவேண்டிய செக்கை மறந்துவிட்டு வங்கி மீதியை மட்டும் பார்த்துச் சாமான் எடுக்கிற வியாபாரியின் நிலை இது.

இதை மாற்றி, ஓடர் கொடுத்தவுடனேயே செலவைப் பதியும் முறையைக் கொண்டுவர 'கெப்சா' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஒரக்கல் நிறுவனத்தின் நிதி மென்பொருள் வாங்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. வந்ததும் குழப்பம். ஊழியர்களுக்குப் பயிற்சி போதவில்லை. வேகம் குறைவு. தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று துறைகளால் அறிய முடியவில்லை. பல மில்லியன் பவுண் செலவழித்த பிறகு இந்த நிலை.

என்ன நடந்தது என்று விசாரிக்கும் பொறுப்பு இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் வாரிக் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பதிவாளர் மைக்கல் ஷட்டொக். மற்றவர் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் மென்பொருள் துறைப் பேராசிரியர் அந்தனி ஃபிங்கல்ஸ்டைன். அவர்களுடைய அறிக்கைகள் 2001 இல் வெளியாகின. பழி மென்பொருளின் தலையில் மட்டும் விழவில்லை. நிர்வாக அமைப்பு, திட்டத்தை நடத்திய விதம், பயன்படுத்துவோரின் தேவையைக் கேட்டறியாமை ஆகியவை பெரிதாகப் பேசப்பட்டன. யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்கு விடை காணாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உதவாது என்பது தெளிவாகியது.

ஒரே வாசல், ஒரே சாவி

சரியாக யோசித்த உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1983 இல் ஐ.பி.எம்., டிஜிட்டல் ஆகிய நிறுவனங்களின் உதவியோடு 'அதீனா' திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தில் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் மாணவருக்குத் தன்னுடைய கோப்புகள் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். அப்படியானால் ஆள் யார் என்று ஒவ்வொரு கணினியும் தனித்தனியே சோதிக்க முடியாது. எனவே ஆளை அடையாளம் காணும் வேலையை ஒரே பொது இடத்தில் வைத்தார்கள். அங்கே ஒருமுறை உறுதி செய்துகொண்டால் ஒரு 'டிக்கட்' கிடைக்கும். மற்ற இடங்களில் அந்த டிக்கட்டைக் காட்டினால் போதும். இதற்குக் 'கெர்பரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். பின்னர் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் விண்டோஸ் 2000 இல் இதைச் சேர்த்துக்கொண்டது.

இதே எண்ணம் பல்கலைக்கழக எல்லையையும் தாண்டியது. ஐரோப்பாவில் தொடங்கிய 'எடுரோம்' ஏற்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகத்தவர் இன்னொன்றுக்குப் போனாலும் தமது சொந்தப் பெயராலும் கடவுச்சொல்லாலும் அங்குள்ள இணையத்தைப் பாவிக்கலாம். நமது நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. இதற்கு அடிப்படை, ஒவ்வொருவருடைய அடையாளத்துக்கும் பொறுப்பு யார் என்று முதலில் தீர்மானித்ததுதான்.

திட்டமிடும் முறை

பல்கலைக்கழகமானாலும் கடையானாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றே. முதலில், இப்போது இருப்பதை எழுதுங்கள். எந்தக் கொப்பியில், எந்தக் கணினியில், யாருடைய கைப்பேசியில் என்ன பதிவு இருக்கிறது என்று பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே உரிமையாளரை நியமியுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் பெயருக்குப் பதிவாளர் பிரிவு, சம்பளத்துக்கு நிதிப் பிரிவு. மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாமே தவிர தங்கள் இடத்தில் மாற்றக்கூடாது. கடையில் விலையை மாற்றுபவர் ஒருவர், கையிருப்பைத் திருத்துபவர் ஒருவர். வாடிக்கையாளருக்குப் பெயரோடு ஓர் இலக்கமும் கொடுங்கள். பெயர் பலவிதமாக எழுதப்படும், இலக்கம் மாறாது.

மூன்றாவது, மென்பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்று பாருங்கள். 6 மென்பொருள்களை ஒவ்வொன்றோடும் நேரடியாக இணைத்தால் 15 இணைப்புகள் வேண்டும். 10 ஆனால் 45. ஒன்றை மாற்றினால் பல அறுந்துபோகும். அதனால்தான் நடுவில் ஒரு பொது இடத்தை வைத்து எல்லாவற்றையும் அதனோடு மட்டும் இணைக்கிறார்கள். புதிய மென்பொருள் விற்க வருபவரிடம், "என் தகவல்களை வெளியே எடுத்து வேறு மென்பொருளில் போட முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் உங்கள் கணக்கு அவருடைய கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

நான்காவது, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு பிரிவில் தொடங்கி, சில வாரங்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்தி, இரண்டின் மொத்தமும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். மாணவர் அனுமதி நடக்கும் மாதத்தில் பல்கலைக்கழகம் முறையை மாற்றக்கூடாது. றமழான் கடைசிப் பத்தில் துணிக்கடையில் புதிய பில் மெஷினைப் போட யாரும் துணியமாட்டோம் அல்லவா?

ஐந்தாவது, பயிற்சிக்கு விலையில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். கல்லாவில் இருக்கும் பையனுக்கு விளங்காத முறை முதலாளிக்கு எவ்வளவு விளங்கினாலும் பயனில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூறா அல்பகராவின் 282 ஆம் வசனம் கடனை எழுதுவதைப் பற்றியதே. எழுதுபவர் யார், சாட்சி யார் என்பதையும் அது விட்டுவைக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் கோடிக்கணக்கில் இழந்து படித்ததும் ஏறக்குறைய இதைத்தான்: எழுத்து வேண்டும், எழுதுபவர் யார் என்ற தெளிவும் வேண்டும். நாளை நமக்கு மௌத் வந்தால், யார் நமக்குத் தரவேண்டும், நாம் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகளால் ஒரே இடத்தில் பார்த்து அறிய முடியுமா? முடியாதென்றால், கணினிக் கடைக்குப் போகுமுன் இன்றிரவு ஒரு தாளை எடுத்து முதலாவது வேலையைத் தொடங்குங்கள்.