மேக்கப் இல்லாம கண்ணு பளிச்சுன்னு இருக்கணுமா? முதல்ல அந்தச் சொட்டு மருந்து லேபிளைப் படிங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு நேயர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கலாம். அவங்க ஐடி வேலையில இருக்காங்க. இன்னும் நாலு வாரத்துல கல்யாணம். கண்மை, ஐலைனர் எது போட்டாலும் கண் அரிச்சு வீங்கிடுதாம். அதனால கண்ணுக்கு மேக்கப்பே வேண்டாம், ஆனா போட்டோல கண் நல்லா தெரியணும், என்ன பண்ணலாம்னு கேட்டிருக்காங்க.

கடைசியில ஒரு வரி: "மெடிக்கல் ஷாப்ல ஒரு சொட்டு மருந்து கொடுத்தாங்க. விட்டா அஞ்சு நிமிஷத்துல கண் வெள்ளையாயிடுது. ரெண்டு மாசமா விடறேன். இப்பல்லாம் விடலைன்னா முன்னைவிட அதிகமா சிவக்குது."

இந்த எபிசோடே அந்தக் கடைசி வரிக்காகத்தான். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். கண் மருத்துவர்கள் பொதுவாக ஒத்துக்கொள்கிற விஷயங்களை மட்டும் புரியற மாதிரி அடுக்கித் தர்றேன்.

கண் அழகுன்னு எதைச் சொல்றோம்?

கண்ணோட வடிவம், அளவு, கருவிழி நிறம் எல்லாம் பிறப்புல வந்தது. அதை விட்டுடுவோம். "என்ன, கண்ணு இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா, அவங்க பார்க்கறது மூணு விஷயம். வெள்ளை விழி எவ்வளவு வெள்ளையா இருக்கு, கண்ணில் ஒளி எப்படி மின்னுது, கண்ணைச் சுத்தி இருக்கற தோல் எப்படி இருக்கு. அவ்வளவுதான்.

2011-ல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரொவைனும் அவரது குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கண் படங்களில் வெள்ளை விழியை மட்டும் சிவப்பா மாத்திக் காட்டினாங்க. பார்த்தவங்க அந்தக் கண்களைச் சோகமா, ஆரோக்கியம் குறைவா, அழகு குறைவா மதிப்பிட்டாங்க. ஆபீஸ்ல கண் சிவந்திருந்தா "நைட்டு தூங்கலையா?"ன்னு கேக்கறாங்க இல்லையா, அதே கணக்குதான். நாம கண்ணுல அழகுன்னு பார்க்கறதுல பெரும்பகுதி ஆரோக்கியத்தோட அறிகுறிதான். அதனாலதான் மேல பூசறதைவிட உள்ள சரி பண்றது இங்க நல்லா வேலை செய்யுது.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை

வெள்ளை விழி மேல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கு. அதுல நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுது. வறட்சி, தூசி, அலர்ஜி, தூக்கமின்மை, கிருமித் தொற்று, எது வந்தாலும் அந்தக் குழாய்கள் விரியும். கண் சிவக்கும்.

சிவப்பைப் போக்கற சொட்டு மருந்துகள் அந்தக் குழாய்களைச் சுருக்கிடும். லேபிளில் நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் மாதிரி பெயர் இருந்தா அது இந்த வகை. சில மணி நேரத்துல வேகம் குறையும், குழாய்கள் திரும்ப விரியும். நாள்கணக்கா விட்டுட்டே இருந்தா, மருந்து இறங்கினதும் முன்னைவிட அதிகமா விரியும். நம்ம நேயருக்கு நடக்கறது பெரும்பாலும் இதுதான். எங்க வேலையில சொல்லணும்னா, சர்வர்ல பிரச்சினைன்னு அலர்ட் அடிக்குது, நாம அலர்ட்டை மியூட் பண்ணிட்டோம். சர்வர் அப்படியேதான் இருக்கு.

இது சுமாரான ஆபத்து. பெரிய ஆபத்து இன்னொண்ணு. கடையில "கண் சிவப்புக்கு"ன்னு கேட்டா சில இடங்கள்ல ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தையும் சீட்டு இல்லாம எடுத்துக் கொடுத்துடறாங்க. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டெபிரெட்னால் எல்லாம் ஸ்டீராய்டுதான். டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, இடையில செக் பண்ணிக் கொடுத்தா நல்ல மருந்து. நாமளா வாரக்கணக்கா விட்டா, சிலருக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி கிளாகோமா வரலாம். கண்புரையும் வரலாம். கண்புரையை ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம். கிளாகோமாவுல போன பார்வை திரும்பாது. அதுவும் வலியே இல்லாம, ஓரப்பார்வையில இருந்து மெதுவா போகும். கண்ணு வெள்ளையா அழகா இருக்கும்போதே உள்ளே நரம்பு கெட்டுக்கிட்டிருக்கலாம்.

அதனால அந்த நேயருக்கு முதல் பதில்: இன்னைக்கே அந்தப் பாட்டில் லேபிளைப் படிங்க. ஸ்டீராய்டா இருந்தா, பாட்டிலோட ஒரு கண் டாக்டர்கிட்ட போய் கண் அழுத்தம் செக் பண்ணுங்க. எப்படி நிறுத்தறதுன்னு அவங்க சொல்லட்டும். குழாய் சுருக்கற வகையா இருந்தா, இந்த வாரமே நிறுத்துங்க. நிறுத்தினதும் முதல்ல கொஞ்ச நாள் அதிகமாத்தான் சிவக்கும், அப்புறம் படிப்படியா அடங்கும். நாலு வாரம் கையில இருக்கறது நல்லது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி நிறுத்தினா சிவப்பு சரியா போட்டோலதான் வந்து நிக்கும்.

மின்னறது கண்ணீர்

கண்ணுல தெரியற அந்த ஒளிப் புள்ளி எங்கிருந்து வருது? கருவிழி மேல இருக்கற கண்ணீர்ப் படலத்துல இருந்து. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமா பிரிச்சா அதுல சில பங்குதான் அதன் தடிமன். அது வழவழன்னு இருந்தா ஒளி கண்ணாடியில பட்ட மாதிரி தெறிக்கும். அங்கங்க உடைஞ்சு காய்ஞ்சா கண் மங்கலா, களைப்பா தெரியும்.

அந்தப் படலத்துல தண்ணி மட்டும் இல்லை. மேலே ஒரு எண்ணெய் அடுக்கு இருக்கு. தண்ணி சீக்கிரம் ஆவியாகாம தடுக்கறது அதுதான். அந்த எண்ணெய் இமை விளிம்புல வரிசையா இருக்கற சுரப்பிகள்ல இருந்து வருது. மேல் இமையில மட்டும் 25-க்கு மேல இருக்கு. நாம கண் சிமிட்டும்போது எண்ணெய் பிதுங்கி, படலம் புதுசா பரவும்.

சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை போல சிமிட்டறோம். ஸ்கிரீனை உத்துப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதுக்கும் கீழயோ குறையுது. சிமிட்டினாலும் முழுசா மூடறதில்லை. நம்ம கண் சாயங்காலம் ஆறு மணிக்கு எரியறதுக்கு முக்கியக் காரணம் இதுதான், ஸ்கிரீனோட நீல ஒளி இல்லை. நீல ஒளியைத் தடுக்கற கண்ணாடி கண் களைப்பைக் குறைக்குமான்னு 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்தில் சாதாரணக் கண்ணாடியைவிடப் பெரிய பலன் தெரியலை. அந்தக் காசை மிச்சம் பிடிங்க.

பதிலா செய்ய வேண்டியது:

1. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கறதை 20 விநாடி பாருங்க. அப்போ நாலஞ்சு தடவை முழுசா, மெதுவா கண்ணை மூடித் திறங்க.
2. ஸ்கிரீனை கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைங்க. கண் குறைவா திறந்திருக்கும், குறைவா காயும்.
3. ஏசி காத்தும் ஃபேன் காத்தும் நேரா முகத்துல அடிக்கற சீட்டை மாத்துங்க. வண்டியில போகும்போது வைசரை இறக்கிடுங்க.
4. தினமும் ஒரு தடவை, சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, மூடிய கண் மேல 5 முதல் 10 நிமிஷம் வைங்க. ஆறினா திரும்ப நனைங்க. உறைஞ்ச எண்ணெய் இளகி வரும். கொதிக்கற சூடு வேண்டாம்.
5. அப்பவும் வறட்சின்னா செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு இருக்கு. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் மாதிரி பெயர் இருக்கும். நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்பட்டா பிரிசர்வேட்டிவ் இல்லாததா வாங்குங்க.

கண்மை ஒத்துக்காததை நம்ம நேயர் குறையா நினைக்க வேண்டாம். இமையோட உள் விளிம்புல மை இழுக்கறது அந்த எண்ணெய் சுரப்பிகளோட வாசல்லதான். அதை விட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

கருவளையத்துக்கு ஒரு சின்ன டெஸ்ட்

கருவளையம்னு நாம சொல்றது ஒரே பிரச்சினை இல்லை. ஜன்னல் எதிர்ல நின்னு, வெளிச்சம் நேரா முகத்துல படற மாதிரி கண்ணாடியில பாருங்க. கருமை பெருமளவு மறைஞ்சுட்டா அது நிழல், கண்ணுக்குக் கீழே இருக்கற பள்ளத்தால விழறது. அதுக்கு எந்தக் கிரீமும் உதவாது, போட்டோகிராஃபரோட லைட்தான் உதவும். நீலமா தெரிஞ்சா மெல்லிய தோலுக்குக் கீழே இருக்கற ரத்தக் குழாய்கள். தூக்கமும் குளிர்ந்த ஒத்தடமும் ஓரளவு குறைக்கும். பழுப்பா இருந்தா தோலோட நிறமி. நம்ம மாதிரி தோலுக்கு இது சகஜம், பரம்பரையாவும் வரும். வெயிலும், கண்ணைக் கசக்கறதும் அதை அதிகமாக்கும்.

கசக்கற பழக்கத்தை மட்டும் அவசியம் விடுங்க. கருமைக்காக மட்டும் இல்லை, தொடர்ந்து அழுத்திக் கசக்கறவங்களுக்குக் கருவிழி கூம்பு மாதிரி புடைக்கற கெரட்டோகோனஸ் வர வாய்ப்பு அதிகம். அரிப்பு தாங்கலைன்னா அது அலர்ஜி, அதுக்கு மருந்து இருக்கு.

காலையில இமை உப்பிப் போகுதா? ராத்திரி ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் குறைங்க, தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்க. வெள்ளரிக்காய் வைக்கலாமான்னா, வைக்கலாம். வேலை செய்யறது அதன் குளிர்ச்சிதான். குளிர்ந்த ஈரத்துணியும் அதையே செய்யும்.

வெயில்ல யுவி400 கூலிங் கிளாஸ் போடுங்க. வெள்ளை விழியில மஞ்சளா திட்டு வர்றது, சதை வளர்றது ரெண்டுக்கும் வெயிலும் தூசியும் காரணம். வந்த திட்டை எந்தச் சொட்டு மருந்தும் அழிக்காது.

வீட்டு வைத்தியமும் இன்ஸ்டாவும்

பாட்டி நந்தியாவட்டைப் பூவை மூடிய கண் மேல ஒத்தி எடுத்தா இதமாத்தான் இருக்கும். ஆனா பூச்சாறு, தேன், எலுமிச்சை, தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள்ள விடாதீங்க. கிருமி நீக்கம் செய்யாத எதுவும் உள்ளே போகக் கூடாது. சுர்மா சிலவற்றுல ஈயம் இருக்கறது பரிசோதனைகள்ல தெரிஞ்ச விஷயம். குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல்.

இமை முடிக்கு விளக்கெண்ணெய் தடவினா பளபளப்பா தெரியும். முடி வளரும்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. சில லேஷ் சீரம்ல பைமாட்டோபிராஸ்ட் மாதிரி மருந்து இருக்கு. முடி நிஜமாவே வளரும். கூடவே இமைத் தோல் கறுக்கலாம், கண் உள்வாங்கலாம். கருவளையம் போகணும்னு கேட்டவங்களுக்கு இது தேவையா?

நிறம் மாத்தற கான்டாக்ட் லென்ஸை ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடாதீங்க. குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. அதுல இருக்கற அமீபா கருவிழியையே அரிச்சுடும்.

எப்போ அழகை மறந்துட்டு ஓடணும்?

சிவப்போட வலி, வெளிச்சம் பார்த்தா கூச்சம், பார்வை மங்கல், இதுல ஒண்ணு இருந்தாலும், இல்லை நீங்க லென்ஸ் போடறவரா இருந்தாலும், அன்னைக்கே கண் டாக்டர். வெள்ளை விழி மஞ்சளானா அது மஞ்சள் காமாலையா இருக்கலாம். கீழ் இமை உள்பக்கம் வெளிறிப் போயிருந்தா ரத்தசோகையான்னு ஹீமோகுளோபின் பாருங்க. இதையெல்லாம் மறைக்கற எதுவும் உங்களுக்கு நல்லது பண்ணலை.

நம்ம நேயருக்குச் சுருக்கமா: முதல் வாரம் லேபிள், டாக்டர், பழைய சொட்டு மருந்துக்கு முடிவு. அடுத்த ரெண்டு வாரம் வெதுவெதுப்பான ஒத்தடம், சிமிட்டல், தூக்கம். கடைசி வாரத்துல புதுசா எந்தக் கிரீமும் முயற்சி பண்ணாதீங்க, புருவம் திருத்தறதா இருந்தா ரெண்டு மூணு நாள் முன்னாடியே முடிச்சுடுங்க. கல்யாண வீட்ல ஹோமப் புகை நேரா கண்ணுல அடிக்கும், செயற்கைக் கண்ணீர் பாட்டிலைத் தோழிகிட்ட கொடுத்து வைங்க.

வாழ்த்துகள்! உங்க வீட்ல இருக்கற சொட்டு மருந்து லேபிளையும் இன்னைக்கு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. திறந்து ஒரு மாசம் ஆயிட்டதா இருந்தா தூக்கிப் போடுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.