லாப ஈவு 8 விழுக்காடா? அவசரப்பட்டுப் பங்கு வாங்காதீர்கள்

இபிஎஃப் லாப ஈவு அறிவிக்கப்படும் நாளில் தோட்டத்திலும் பட்டணத்திலும் அதுவே பேச்சு. 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு என்றதும், ஆண்டு முழுவதும் கணக்கில் 50,000 வெள்ளி வைத்திருந்தவர் 3,150 வெள்ளி கிடைக்கும் என்று உடனே கணக்குப் போட்டு விடுவார். புர்சா மலேசியாவில் வாங்கும் பங்கின் லாப ஈவையும் அப்படியே நினைத்துப் பணம் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இபிஎஃப்பில் போட்ட பணம் லாப ஈவு அறிவிப்பால் குறைவதில்லை. பங்கின் விலையோ நாள்தோறும் ஏறி இறங்கும். அதனால் மூன்று கணக்குகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் கணக்கு: ஒரு பங்குக்கு எவ்வளவு?

ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஒரு பங்குக்கு 10 சென் தருகிறது என்று வைத்துக் கொள்வோம். 1,000 பங்கு வைத்திருப்பவருக்கு 100 வெள்ளி கிடைக்கும். முன்பெல்லாம் '10 விழுக்காடு லாப ஈவு' என்றே பல நிறுவனங்கள் அறிவிக்கும். அது பங்கின் முக மதிப்பில் 10 விழுக்காடு; சந்தை விலையில் அல்ல. 2017 ஜனவரி 31இல் புதிய நிறுவனச் சட்டம் நடப்புக்கு வந்தபோது முக மதிப்பு முறை ரத்தானது. இப்போது சென் கணக்கைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது கணக்கு: போட்ட பணத்துக்கு எவ்வளவு?

இதைத்தான் 'டிவிடெண்ட் யீல்டு' என்கிறார்கள். ஆண்டு லாப ஈவைப் பங்கின் விலையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். பங்கு விலை 2 வெள்ளி, லாப ஈவு 10 சென் என்றால் 5 விழுக்காடு.

கவனிக்க வேண்டியது இங்கேதான். அதே பங்கின் விலை 1 வெள்ளி 25 சென்னுக்கு விழுந்தால், கணக்கு 8 விழுக்காடு என்று காட்டும். நிறுவனம் ஒரு சென்கூட கூட்டித் தரவில்லை. விலை விழுந்ததால்தான் விழுக்காடு ஏறியது. 2 வெள்ளிக்கு 1,000 பங்கு வாங்கியவருக்கு 750 வெள்ளி இறக்கம். ஆண்டுக்கு 100 வெள்ளி லாப ஈவை வைத்து அதை ஈடுகட்ட ஏழரை ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த ஆண்டு லாப ஈவு 4 சென்னாகக் குறைந்தால், அந்த 8 விழுக்காடும் 3.2 ஆகிவிடும்.

மூன்றாவது கணக்கு: எங்கிருந்து தருகிறார்கள்?

ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டிய லாபம் 16 சென், தந்தது 10 சென் என்றால் லாபத்தில் 62.5 விழுக்காட்டைப் பகிர்ந்திருக்கிறது. ஈட்டியது 8 சென், தந்தது 10 சென் என்றால் 125 விழுக்காடு. சம்பளத்தை மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பத்தைப் போன்றது அது. பழைய சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வரும் பணம் நெடுநாள் ஓடாது.

லாப ஈவுக்காகக் கடைசி நேரத்தில் வாங்குவதிலும் பயன் குறைவு. 'எக்ஸ்-டேட்' எனப்படும் நாளிலோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்கு அந்த லாப ஈவு கிடைக்காது. அதற்கு முந்திய நாள் வாங்கினாலும், பொதுவாக மறுநாள் விலை ஏறக்குறைய அந்த அளவு இறங்கும்.

வரியைப் பொறுத்தவரை, 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் தனிநபரின் லாப ஈவு வருமானம் 100,000 வெள்ளியைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 2 விழுக்காடு வரி உண்டு. இபிஎஃப் லாப ஈவுக்கு இது பொருந்தாது.

அப்பாவோ தாத்தாவோ வாங்கிய பங்குப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா? வீடு மாறியதால் கைக்கு வராத காசோலைப் பணம் கோரப்படாத பணப் பதிவகத்துக்குப் போயிருக்கலாம். அடையாள அட்டை எண்ணைக் கொண்டு இகுமிஸ் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். இறந்தவரின் பணத்தை வாரிசுகள் உரிய பத்திரங்களுடன் கோரலாம். புதிய பங்கைத் தேடுவதற்கு முன், வீட்டுக்கு வர வேண்டிய பழைய பணத்தை முதலில் தேடுங்கள்.