உங்களுக்குத் தெரியுமா? தாய்க்குப் போடும் ஊசி சேய்க்கும் காவல்

வளரும் கருப்பை உதரவிதானத்தை ஏறத்தாழ 4 செ.மீ. மேலே தள்ளுகிறது, ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. அதனால் இன்ஃபுளூயன்சா காய்ச்சல் கர்ப்பிணிகளுக்கு நிமோனியாவாக முற்றும் ஆபத்து அதிகம்.

இதைத் தடுக்க, செயலிழக்கச் செய்த இன்ஃபுளூயன்சா வைரஸைக் கொண்ட தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள வைரஸ் அடங்கிய மூக்குத் தெளிப்பு மருந்து கூடாது.

ஊசி போட்ட சுமார் 2 வாரங்களில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையையும் சென்றடைகின்றன. பிறந்து 6 மாதம் ஆகும்வரை குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி போடுவதில்லை. அதுவரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்களே துணை. 2012இல் உலக சுகாதார நிறுவனம் இத்தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளை உச்ச முன்னுரிமைப் பிரிவில் வைத்தது.

காய்ச்சல் கண்டால் மருத்துவர் தரும் ஓசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.