ஓதற் பிரிவு: கேம்பிரிட்ஜில் இராமானுஜன் வாழ்ந்த வாழ்வு

கல்வியின் பொருட்டு வீட்டையும் நாட்டையும் பிரிந்து செல்லுதலை நம் முன்னோர் ஓதற் பிரிவு என்றனர். தொல்காப்பியனார் பிரிவு வகைகளை எண்ணுமிடத்து அதனை முதலில் வைத்தார்; அப்பிரிவு மூன்று யாண்டைக் கடத்தலாகாது என்று எல்லையும் வகுத்தார். கடல்வழிச் செல்வோன் மனைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பதும் அவர் கூறிய விதியே. பிரிந்து சென்ற மாணாக்கன் சென்றவிடத்தில் எங்ஙனம் உண்டான், எங்ஙனம் உறங்கினான், யாரோடு பேசினான் என்பவற்றை இலக்கணம் கூறவில்லை. அது இலக்கணத்தின் வேலையும் அன்று. இன்று பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் நமக்கோ அவ்வினாக்களே முன் நிற்கின்றன.

நம் நாட்டிலிருந்து மாணவர் கடல் கடந்து செல்லுதல் புதிய செய்தியன்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்று, 1875 ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். இன்று பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், அயல்நாட்டிற் கற்கும் பிள்ளையொன்று இல்லாத தெருவைக் காண்டல் அரிது. பரீட்சைப் பெறுபேறு, விசா, கட்டணம், விமானச் சீட்டு என்பவற்றைப் பெற்றோர் பல மாதம் ஆராய்கின்றனர். குளிருக்கு எதனை உடுப்பது, படுக்கையை எவ்வாறு பயன்படுத்துவது, மரக்கறி உண்பவன் பொதுமேசையில் யாரோடு இருந்து உண்பது என்பவற்றைப் பேசுவோர் மிகச் சிலரே. இவை சிறு காரியங்கள் என்று நாம் எண்ணுகின்றோம். அங்ஙனம் எண்ணுதல் தவறு என்பதற்கு, தமிழர் யாவரும் பெயரறிந்த ஒருவரின் வாழ்வே சான்றாகும். கணித மேதை சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்திற் கழித்த ஐந்தாண்டுகளையே கருதுகின்றோம். அவர் கண்ட கணித உண்மைகளை விளக்குதல் தமிழாசிரியராகிய நமக்கு இயல்வதன்று. அவர்தம் நாளாந்த வாழ்வினை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

புறப்பாடு

1887 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் பெறும் இலிகிதராக இருந்த காலத்தில், 1913 சனவரியில், கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரிக் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அவரை அழைத்தார். ஆசாரமுள்ள அந்தணர் குடும்பத்தினர் கடல் கடத்தலைக் குற்றமாகக் கருதிய காலம் அது. 1914 தொடக்கத்திற் சென்னைக்கு வந்த நெவில் என்னும் மற்றொரு கேம்பிரிட்ஜ் அறிஞரின் முயற்சியால் தடை நீங்கிற்று. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி விடையளித்ததாக அன்னையார் கூறினார் என்பர்.

பொருள் முட்டு அவருக்கு இருக்கவில்லை என்பதை முதலிற் கருத்தில் இருத்துதல் வேண்டும். சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுண் புலமைப்பரிசில் வழங்கிற்று. திரினிற்றிக் கல்லூரி 60 பவுண் அளித்தது. முன்னையதில் 50 பவுண் ஊரிலிருந்த குடும்பத்துக்குச் சென்றது. எஞ்சியது தனியொரு மாணவருக்குத் தாராளமாகப் போதியதே. அவர் குறைவுற்றவை பணத்தால் வாங்கக்கூடியன அல்ல.

புறப்படுமுன் குடுமி களையப்பட்டது. மேலங்கியும் கழுத்துப்பட்டியும் அணியக் கற்பிக்கப்பட்டன. அக்கோலத்திற் காணலாகாதென்று தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17 இல் 'நெவாசா' என்னும் கப்பலிற் சென்னையை விட்டு, ஏப்பிரல் 14 இல் இலண்டனை அடைந்தார். கேம்பிரிட்ஜில் முதற் சில வாரங்கள் நெவிலின் இல்லத்திலே தங்கினார். இருபத்தாறு யாண்டு கட்டின்றி நடந்த கால்களுக்குச் சப்பாத்து ஒரு தண்டனையாயிற்று என்றும், பழகாத மரக்கறிகளும் அவருக்குத் துன்பம் தந்தன என்றும் நெவில் பின்னர் எழுதினார். இங்ஙனம் அருகிருந்து கண்டு எழுதுதற்கு அவ்வில்லத்தார் இருந்தமை அவரது நற்பேறு. யூன் மாதத்திற் கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தபின் அவர் தனியரானார்.

உணவு

இராமானுஜன் மரக்கறி உணவில் மிகக் கண்டிப்பானவர். கேம்பிரிட்ஜில் இருந்த காலமெல்லாம் தம் உணவைத் தாமே சமைத்தார் என்றும், உடை மாற்றாமல் ஒருபோதும் சமைத்ததில்லை என்றும் ஹார்டி எழுதியுள்ளார். விதை நீக்கிய புளியையும் நல்ல தேங்காயெண்ணெயையும் தபாற் பொதியில் அனுப்புமாறு ஊருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்துளது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி, யாழ்தேவியில் வரும் மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் கோட்டை நிலையத்திற் காத்து நின்ற பழைய மாணவர் பலர் இக்கடிதத்தின் பொருளை உடனே உணர்வர்.

1914 ஓகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. கல்லூரியின் ஒரு முற்றம் காயமுற்ற போர்வீரரின் வைத்தியசாலையாயிற்று. ஆங்கில மாணவரும் ஆசிரியரும் படையிற் சேர்ந்தனர், விலைவாசி ஏறிற்று, கடல்வழி வரும் பொருள்கள் அருகின. கணக்கில் மூழ்கியவர் வேளைதோறும் சமைக்க மறந்தார்.

உணவு உடலுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே காண்கின்றோம். கேம்பிரிட்ஜ்க் கல்லூரிகளில் உண்டிச்சாலையே தோழமை பிறக்கும் இடம். நீண்ட மேசையில் அருகருகே இருந்து உண்போர் நாளடைவில் நண்பராகின்றனர். அம்மேசையில் அமர இயலாதவர் அத்தோழமையையும் இழந்தார். பருப்பும் சோறும் அறைக்குள்ளே வெந்தன. அறைக்கு வெளியே உறவு வளரவில்லை.

விருந்தளித்தலே அவருக்கு எஞ்சிய வழி. அது பற்றி வழங்கும் செய்தியொன்று உண்டு. ஒருமுறை இந்திய மாணவர் ஒருவரையும் பெண்மணிகள் இருவரையும் அழைத்துத் தம் கையாற் சமைத்துப் பரிமாறினார். இருமுறை வாங்கி உண்ட பெண்மணிகள் மூன்றாம் முறை வேண்டாம் என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. பலநாள் கழித்தே அவர் மீண்டார். தாம் இட்ட உணவை மறுத்தமை பொறாது ஒக்ஸ்போர்ட்டுக்குச் சென்றுவிட்டதாகக் கூறினாராம். ஊரில் இது சிரித்து மறக்கக்கூடிய நிகழ்ச்சி. உறவாடும் வழி அது ஒன்றே உடையவர்க்கு அது மறக்கத்தக்கதன்று.

படுக்கை

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அந்நாளிற் பயின்றவர் வங்காளத்து மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில், 1931 இல், இந்தியப் புள்ளிவிபரவியற் கழகத்தை நிறுவியவர் அவரே. ஒருநாள் அவர் இராமானுஜனின் அறைக்குச் சென்று, இரவிற் குளிர் தாங்க முடிகின்றதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்குவதாகவும், ஆயினும் குளிர்வதாகவும் விடை கிடைத்தது. மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. அவற்றின் ஓரங்கள் மெத்தையின்கீழ் இறுகச் செருகப்பட்டிருந்தன. அந்நாட்டார் படுக்கையை அமைக்கும் முறை அது. கம்பளிகளைத் தளர்த்தி அவற்றினுள்ளே புகுந்து படுத்தல் வேண்டும் என்பதை இராமானுஜன் அறியார். கம்பளிகளின்மேலே படுத்து வந்தார். மகலனோபிஸ் கம்பளியைத் தூக்கிக் காட்டினார். அன்றே அத்துன்பம் தீர்ந்தது.

அதே மகலனோபிஸ் மற்றொருநாள் இராமானுஜனின் அறையிலிருந்து, சஞ்சிகையொன்றில் வந்த வீட்டிலக்கப் புதிரை வாசித்தார். ஒரு வீட்டுக்கு இருபுறமும் உள்ள வீடுகளின் இலக்கங்களைத் தனித்தனியே கூட்டினால் இரு தொகையும் சமமாதல் வேண்டும் என்பது புதிர். அடுப்பிற் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், அப்புதிருக்கும் அதுபோன்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடையைத் தொடர்பின்னமாக அங்கேயே கூறினார். இத்துணைக் கூரிய அறிவுக்கும் கம்பளியைப் பயன்படுத்தும் முறை தானே விளங்கவில்லை. ஏனெனின் அஃது அறிவால் உய்த்துணர்வதன்று. ஒருவர் காட்ட ஒருவர் கண்டு பழகுவது.

ஹார்டி இராமானுஜனை ஏறக்குறைய நாள்தோறும் சந்தித்தவர். அவரை உலகுக்கு உணர்த்தியவர். உள்ளன்போடு அவர் நலம் நாடியவர். நாள்தோறும் அரை டசின் புதிய தேற்றங்களைக் கொண்டுவருபவரிடம் பழையதொன்றை எவ்வாறு கண்டீர் என்று கேட்பது பொருந்தாதெனத் தோன்றியதாக அவரே எழுதினார். அவ்விருவர்க்கும் இடையே கணிதம் இருந்தது; படுக்கையைப் பற்றிய பேச்சுக்கு இடமிருக்கவில்லை. அதனைக் கேட்டவர், தாமும் ஊரைவிட்டு வந்து குளிரில் நடுங்கிய மற்றொரு மாணவரே.

மௌனமும் நோயும்

1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்குரிய பட்டம் கிடைத்தது. 1917 இளவேனிலில் நோய் கண்டது. அதன்பின் இங்கிலாந்தில் அவர் வாழ்வின் பெரும்பகுதி வைத்தியசாலைகளிலே கழிந்தது. அங்கும் உணவே இடர்ப்பாடாயிற்று. அங்குள்ள சமையற்காரர் அறிந்தது அவர் உண்ணத்தக்கதன்று. ஊர்க் கடிதங்களும் அருகின. மனைவி சானகி எழுதியவற்றை மாமியார் இடையிலே தடுத்தார் எனப் பின்னர் தெரியவந்தது. இருபுறமும் மௌனம் வளர்ந்தது. 1918 தொடக்கத்தில் மனந்தளர்ந்து தம் உயிரைப் போக்கிக்கொள்ளவும் முயன்றார், நல்வினையாற் காப்பாற்றப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்திலேயே றோயல் சங்கத்து அங்கத்தவரானார். ஒக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியின் புலமையாளராகத் தெரிவு செய்யப்பட்டார். உலகம் மதித்த ஆண்டும் உள்ளம் உடைந்த ஆண்டும் ஒன்றே.

1919 பெப்ரவரி 27 இற் கப்பலேறி மார்ச்சில் தாய்நாடு மீண்டார். 1920 ஏப்பிரல் 26 இல், 32 ஆம் வயதில், சென்னையில் மறைந்தார். அக்கால வைத்தியர் நோயைச் சயரோகம் என்றனர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். ஆதலின் குளிரும் உணவும் தனிமையுமே அவரைக் கொன்றன என்று நாம் கூறத் துணியோம். நோயைத் தாங்கும் வலியை அவை குறைத்தன என்பதை மறுத்தற்கில்லை.

மற்றொரு மாணவர்

இதனோடு ஒப்பிடத்தக்கது காந்தியடிகளின் இலண்டன் வாழ்வு. 1888 செப்டெம்பரிற் பம்பாயிலிருந்து புறப்பட்ட அவ்விளைஞர் வெள்ளை உடையோடு கரையிறங்கி, எல்லாரும் கருநிறம் அணிந்திருக்கத் தாம் மட்டும் வேறுபட்டமை கண்டு நாணினார். புலால் உண்பதில்லை என்று அன்னைக்குச் சத்தியம் செய்திருந்தமையால் முதல் வாரங்களில் பசித்திருந்தார். ஆயின் அவர்க்குத் தொடக்கத்திலேயே ஓர் ஆசான் வாய்த்தார். மருத்துவர் பிராணசீவன் மேத்தா, பிறர் பொருளைத் தொடாதே, முதற் சந்திப்பிலே வினாக்களை அடுக்காதே, உரத்துப் பேசாதே என அந்நாட்டு நடைமுறையை எடுத்துரைத்தார். விடுதியை விட்டுக் குடும்பமொன்றோடு தங்குமாறும் அறிவுறுத்தினார். தெருத்தெருவாக நடந்து பரிங்டன் வீதியில் மரக்கறிச் சாலையொன்றைக் காந்தியார் கண்டுபிடித்தார். பின்னர் மரக்கறியாளர் சங்கத்திற் சேர்ந்து அதன் நிர்வாகசபை அங்கத்தவருமானார். தனியறை எடுத்து ஓட்சுக் கஞ்சியும் கொக்கோவும் தாமே ஆக்கிக்கொண்டார். நாட்செலவைக் காசுக்குக் காசு எழுதினார்.

காந்தியார் இருந்தது அமைதிக் காலம். இராமானுஜன் இருந்தது போர்க்காலம். அவ்வேறுபாட்டை நாம் மறவோம். ஆயினும் ஒருவரை அவர்தம் உணவு நெறி தோழரிடத்துக் கொண்டு சென்றது. மற்றவரை அதே நெறி அறைக்குள் அடைத்தது. வழிகாட்டவும் உடனிருந்து உண்ணவும் ஆளிருந்தமையும் இல்லாமையுமே இவ்விரண்டின் இடையிலுள்ள வேறுபாடு.

நாம் செய்யத்தக்கவை

இன்று இலண்டனில் ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், வெம்பிளி முதலிய பகுதிகளில் தமிழர் கடைகளிலே புளியும் தேங்காயெண்ணெயும் கிடைக்கின்றன. கடிதத்துக்குக் காத்திருத்தலும் வேண்டா. கைத்தொலைபேசியில் நாள்தோறும் முகம் காணலாம். ஆயின் தொலைபேசி காட்டுவது பிள்ளை காட்ட விரும்பும் மூலையை மட்டுமே. கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரிடம், "இங்கே ஒரு குறையும் இல்லை, அம்மா" என்றுதான் பிள்ளை கூறும். இராமானுஜனும் தம் குளிரைத் தாமாக யாரிடமும் கூறவில்லை; ஒருவர் கேட்டபோதே கூறினார்.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறுவன இவை. புறப்படுமுன் ஐந்து கறியாவது ஆக்கப் பழகுங்கள். தெரியாததை முதல் வாரத்திலேயே கேளுங்கள். முதல் வாரத்திற் கேட்பவனைப் புதியவன் என்பர், ஆறு மாதம் கழித்துக் கேட்கத்தான் நாணம் தடுக்கும். வாரத்தில் ஒருமுறையேனும் பிறரோடிருந்து உண்ணுங்கள்.

பெற்றோர் புள்ளிகளை மட்டும் வினவாது, இன்று யாரோடு உண்டாய் என்றும் வினவுவாராக.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் இலண்டனிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் உளர். அவரிடம் நாம் வேண்டுவது நன்கொடையன்று. நம் கல்லூரிப் பிள்ளை ஒன்று உங்கள் நகருக்கு வந்திறங்கினால், முதல் வாரத்திலேயே அதன் அறைக்கு ஒருமுறை செல்லுங்கள். வாயிலில் நின்று நலமா என்று கேட்டு மீளாது, உள்ளே சென்று அடுப்பையும் படுக்கையையும் பாருங்கள். பழைய மாணவர் சங்கம் நகருக்கு ஒருவராக இப்பணிக்கு ஆளை நியமித்து, புறப்படும் மாணவரிடம் அவர் பெயரை முன்னரே அளிக்க ஆவன செய்வதாக.