தானே முளைக்கும் வாடாமல்லி

மாலைக்கும் மலர்ச்செண்டுக்கும் பயன்படும் வாடாமல்லி ஒரு பருவப் பயிர். செடி மடிந்தாலும் உதிர்ந்த விதைகள் அடுத்த மழையில் தாமே முளைக்கும். விதைச் செலவு மிச்சம். ஆனால் நல்ல பூக்களையெல்லாம் விற்றுவிட்டு, கழிவுப் பூக்களை மட்டும் விதைக்கு விட்டால் ஆண்டுக்காண்டு பூ சிறுத்துப்போகும்.

எனவே பூக்கும் காலத்திலேயே பெரிய பூவும் நீண்ட காம்பும் உள்ள செடிகளுக்கு அடையாளக் கயிறு கட்டவேண்டும். அவற்றின் பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே முற்றிக் காயவிடவேண்டும். நலிந்த செடிகளை விதை உதிருமுன் பிடுங்கிவிடவேண்டும். காய்ந்த பூக்களில் ஒரு பகுதியை உலர்த்திச் சேமித்து, மீதியை நிலத்தில் உதிரவிடலாம்.

பிறகு ஆழ உழக்கூடாது. விதை ஆழத்தில் புதைந்தால் முளைக்காது. மேலாகக் கொத்தினால் போதும். நாற்றுகள் நான்கைந்து இலை விட்டதும் செடிக்குச் செடி 30 செ.மீ. இருக்கும்படி கலைத்து, பிடுங்கியவற்றைப் போக்கிடங்களில் நடலாம். தண்ணீர் தேங்கக்கூடாது.

தானாக முளைக்கும் செடி மழையை அனுசரித்துப் பூக்குமே தவிர, பண்டிகையை அனுசரித்துப் பூக்காது. விதைத்துப் பூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆயுத பூஜை விற்பனைக்குப் பூ வேண்டுவோர், சேமித்த விதையை ஆனி மாதத்திலேயே நாற்றங்காலில் விதைக்கவேண்டும்.

செண்டுக்கு, நன்கு விரிந்த பூக்களை நீண்ட காம்புடன் காலையில் வெட்டவேண்டும். விலை இறங்கினால் கவலையில்லை. கொத்தாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால், நிறம் மங்காமல் உலர்ந்து பிறகும் விலைபோகும்.